ஆடியோ சிடியா, எம்பி3யா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் இருந்த காலத்தில், லிஸ்ட்டை நீட்டியதும் கடைக்காரர் கேட்பது இதைத்தான். ஆடியோ என்றால் பதினாறு பாட்டு. எம்பி3 என்றால் நூற்றைம்பது. சிடி ஒன்றுதான், காசும் ஏறக்குறைய ஒன்றுதான். நூற்றைம்பதை விட்டுப் பதினாறை எவன் கேட்பான் என்று எம்பி3 வாங்கி வந்தேன். வீட்டுப் பழைய பிளேயரில் போட்டால் 1 என்று எண் வந்தது, நிமிடம் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் சிரித்தார். "உங்க செட்டு எம்பி3 எடுக்காது சார்."

ஏன் எடுக்காது? அந்தப் பிளேயருக்கு ஒரே ஒரு சட்டம்தான் தெரியும். ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-ல் எழுதி முடித்த அந்தச் சட்டத்துக்கு, அட்டையின் நிறத்தை வைத்து, சிவப்புப் புத்தகம் என்று பெயர். சிடி 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் ஒரே சுருளாக ஓடும், நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கி. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.6 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமனுக்குள் நாற்பது சுற்று அடங்கும். பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். அகச்சிவப்பு லேசர் ஒன்று அடியிலிருந்து பட்டுத் திரும்பி, எங்கே பள்ளம், எங்கே மேடு என்று படித்துக்கொண்டே போகும். 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிளேயரும் இதைத்தான் செய்தது.

அந்தப் புத்தகத்தில் உள்ள எண்களில் வினோதமானது 44,100. ஒரு நொடி இசையை இத்தனை முறை அளந்து எழுத வேண்டும் என்கிறது. மனிதக் காது நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரை கேட்கும். அதைப் பிடிக்க இரண்டு மடங்கு அளவெடுக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலும் வேண்டும். அப்படியானால் 42,000, 45,000 என்று முழுசாக வைத்திருக்கலாமே? அன்றைக்கு இவ்வளவு எண்களைச் சேமிக்க ஸ்டுடியோக்களிடம் இருந்தது வீடியோ டேப். ஒரு வரிக்கு மூன்று அளவு வீதம் எழுதினார்கள். நம் ஊர் அன்றைய டிவி முறையில் நொடிக்கு 50 புலம் (அரைப் படம்), புலத்துக்கு எழுதப் பயன்பட்டது 294 வரி. அமெரிக்க, ஜப்பான் முறையில் 60 புலம், 245 வரி. இரண்டையும் மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். வீடியோ டேப் வழக்கொழிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அதன் கணக்கு இன்னும் நம் பாட்டுகளுக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு அளவும் 16 பிட், அதாவது 2 பைட். இடது, வலது என இரண்டு தடம். ஆக நொடிக்கு 1,76,400 பைட். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஐந்தேகால் கோடி பைட். எண்பது நிமிட சிடியில் பதினாறு பாட்டு வருவது இதனால்தான். ஒற்றைத் தடத்துக்குப் புத்தகத்தில் இடமே கிடையாது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி' (1950) காலத்துப் பாட்டெல்லாம் மோனோ. அவற்றை அப்படியே ஆடியோ சிடியில் ஏற்றினால் ஒரே பாட்டு இரண்டு தடத்திலும் இரண்டு முறை எழுதப்படும். வீண் செலவுதான். எம்பி3 இப்படிச் செலவழிக்காது. காதுக்குப் பெரிதாக எட்டாததைக் கழித்துவிட்டு, நொடிக்கு 1,28,000 பிட் என்று சுருக்கினால் அதே பாட்டு 48 லட்சம் பைட்டில் முடிந்துவிடும். ஆனால் அது பாட்டே அல்ல, கம்ப்யூட்டர் ஃபைல். ஃபைலுக்கு மஞ்சள் புத்தகம் என்று தனிச் சட்டம். சிவப்பு மட்டும் படித்த பிளேயர், இது நம்ம சமாச்சாரம் இல்லை என்று வாயை மூடிக்கொள்ளும். என் செட்டு செய்தது அதைத்தான்.

வீட்டில் விசிடி இருந்தால் அது வெள்ளைப் புத்தகம், 1993. ஒன்றில் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான் படம் கொள்ளும் என்பதால் தமிழ்ப் படம் இரண்டு சிடியாகவோ மூன்றாகவோ வந்தது. சண்டைக் காட்சியின் நடுவில் எழுந்து போய் மாற்றிய கைகள் நம்முடையவை.

இன்னொரு கணக்கு இருக்கிறது, எனக்குப் பிடித்தது. அதே எண்பது நிமிட சிடியில் பாட்டாக எழுதினால் 84 கோடி பைட்டுக்கு மேல் போகும். ஃபைலாக எழுதினால் 73 கோடி சொச்சம்தான். மீதி எங்கே? காவலுக்குப் போய்விட்டது. ஃபைலில் ஒரு பைட் தப்பினாலும் கணக்கே மாறிவிடும். பாட்டில் ஒரு துளி போனால் பக்கத்துத் துளிகளைப் பார்த்துப் பிளேயரே உத்தேசமாக நிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது.

அதற்காகப் பாட்டை அநாதையாக விடவில்லை. 24 பைட் இசைக்கு 8 பைட் காவல் உண்டு. அதைவிடச் சாமர்த்தியம், அடுத்தடுத்த துளிகளைப் பிரித்து வெவ்வேறு இடத்தில் வைப்பது. நாமக்கல்லிலிருந்து முட்டை போகிறது என்று வையுங்கள். ஒரு கடையின் சரக்கு முழுவதும் ஒரே லாரியில் ஏறி, லாரி கவிழ்ந்தால் அந்தக் கடைக்கு அன்று வியாபாரமே இல்லை. எல்லாக் கடைச் சரக்கையும் எல்லா லாரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், கடைக்கு நாலு முட்டை குறையும், அவ்வளவுதான். சிடியும் அப்படித்தான். சுருளின் வழியே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து அழிந்தாலும் இசையை முழுதாக மீட்டுவிடும்.

இது தெரிந்தால் சிடியை எப்படித் துடைப்பது என்பதும் புரியும். நாமெல்லாம் பனியன் துணியால் வட்டமாகத் தேய்த்தோம். அது தப்பு. வட்டமாக விழும் கீறல் சுருளின் கூடவே ஓடி, தொடர்ந்து அழித்துக்கொண்டே போகும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். அப்போது கீறல் விழுந்தாலும் ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே ஒரு நொடிப்பொழுது வெட்டும், அதைச் சரிசெய்யப் பிளேயருக்குத் தெரியும். இன்னொன்று: பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, பெயர் எழுதும் மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுவோம். இசை இருக்கும் உலோகப் படலம் மேல்பக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது, அதற்கு மேலே மெல்லிய பூச்சு மட்டும். அங்கே விழும் வெட்டை எந்தக் காவலும் காப்பாற்றாது.

பெட்டியில் கிடப்பவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் கடையில் பதிந்தவற்றை முதலில் எடுங்கள், கல்யாண சிடி உட்பட. கம்பெனி சிடியில் பள்ளம் அச்சாகவே விழுந்திருக்கும், கொஞ்ச நாள் பொறுக்கும். கடையில் எழுதியதில் பள்ளம் கிடையாது. லேசர் சுட்ட சாயம்தான். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டின் மேல் கிடந்த சாயம் எத்தனை நாள் தாங்கும்?