லாரிக்கு அடியில் பதினைந்து நாள்!

ஹைவேஸ்ல உங்க பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு லாரி போகுது. முன் சக்கரம் ஒரு பாதை, பின் சக்கரம் கொஞ்சம் விலகி இன்னொரு பாதைனு நண்டு மாதிரி சைடு வாங்கிட்டே ஓடுதா? 'டிரைவர் ஃபுல் போதை மாமே!'னு கமென்ட் அடிச்சிடாதீங்க பாஸ். பாவம், அவர் நேராத்தான் ஓட்டறார். பின்னாடி இருக்கிற ஹவுசிங்தான் இடம் மாறிப் போயிருக்கு.

இது எனக்கு மூணாம் வருஷ மெக்கானிக்கல் புத்தகத்துல தெரிஞ்ச விஷயம் இல்லை. செமஸ்டர் லீவுல நாமக்கல் பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டறையில பதினைஞ்சு நாள் எடுபிடி வேலை பார்த்தப்ப தெரிஞ்சது. லாரிக்கே பேர்போன ஊர் அது. டீக்கடையில கூட அரசியலுக்கு முன்னாடி டயர் விலைதான் பேசுறாங்க!

விஷயத்துக்கு வருவோம். லாரியோட பின் சஸ்பென்ஷன்ல முக்கியமான ஐட்டம் ஸ்பிரிங் பட்டை. வளைஞ்ச எஃகுப் பட்டைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல ஓட்டை போட்டு ஒரு சென்டர் போல்ட். அந்த அடுக்கையும் ஹவுசிங்கையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது யூ போல்ட். மெயின் பட்டையோட ரெண்டு நுனியிலும் வளையம் மாதிரி சுருட்டி, புஷ் போட்டு, சேஸிஸோட மாட்டியிருப்பாங்க. அதாவது பட்டை பாரத்தை மட்டும் தாங்கலை. ஹவுசிங் முன்னே பின்னே போகாம பிடிச்சிருக்கிறதும் அதேதான்.

"மொதல்ல அடியில பூராதீங்க தம்பி. தூர நின்னு பாருங்க" - இது மேஸ்திரி சொன்ன முதல் பாடம். லாரியை சமதரையில நிறுத்தி, பின்னாடி பத்தடி தள்ளி நின்னா, ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கிறது கண்ணுக்கே தெரியும். அப்புறம் டேப். முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ஹவுசிங் நகர்ந்திருக்குனு சந்தேகப்படணும். சக்கரத்துக்குக் கட்டை போட்ட பிறகுதான் அடியில போகணும். தூக்க வேண்டியிருந்தா ஸ்டாண்டு கட்டாயம். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் உள்ளே தலையை விடக் கூடாது.

ஆறாவது நாள்னு நினைக்கிறேன். மக்காச்சோளம் ஏத்தப் போற ஆறு சக்கர லாரி ஒண்ணு வந்துச்சு. ஓனரே டிரைவர். கேபின்ல கிளீனர் தம்பி தூங்கிட்டு இருந்தான். மேஸ்திரி வேற வேலையில இருக்க, நானே சுத்தியலோட உள்ளே போனேன். யூ போல்ட் நட்டைத் தட்டினேன். கடப்பாரை விட்டு நெம்பி புஷ் ஆட்டம் பார்த்தேன். எல்லாம் ஓகே! "நீங்க கிளம்பலாம்ணே"னு பெரிய இன்ஜினீயர் கணக்கா சொல்லிட்டேன்.

மேஸ்திரி வந்தார். ஒண்ணும் பேசலை. கம்பி பிரஷ்ஷை எடுத்து, யூ போல்ட் ஓரமா காய்ஞ்சு கிடந்த சேற்றைத் தேய்ச்சார். டார்ச் வெளிச்சத்துல, ரெண்டாவது பட்டையில தலைமுடி மாதிரி ஒரு பழுப்புக் கோடு. விரிசல்! சேறு மூடியிருந்ததை நான் 'நல்லாயிருக்கு'னு எடுத்துக்கிட்டேன். சத்தியமா அன்னிக்கு மதியம் சோறு இறங்கலை.

டிரைவர் விடலை. டியூ கட்டணும், லோடு போனா வாடகை போச்சு. "மத்த பட்டையெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது... ஒரு நடை போயிட்டு வந்துடறனுங்க."

"இது தூக்குன பாரத்தையும் சேர்த்து மத்ததுதானுங்க தூக்கோணும். நாளைக்கு மெயின் பட்டை போச்சுன்னா ஹவுசிங்கை ஆருங்க புடிப்பாங்க?"

டிரைவர் கொஞ்ச நேரம் பதிலே சொல்லலை. அப்புறம் கிளீனரை எழுப்பி இறக்கிவிட்டார்.

கழற்றின பட்டையைக் கல்லு மேல வெச்சு ஒரே போடு. ரெண்டு துண்டு! முறிஞ்ச முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பாதி துருப் பிடிச்ச வழவழப்பு, கடற்கரை மணல்ல அலை விட்டுப்போன மாதிரி வளைவு வளைவா கோடு. மீதி புதுசா, பொரபொரனு பளபளப்பு. மெட்டலர்ஜி பேப்பர்ல 'ஃபெட்டீக்'னு பத்து மார்க்குக்கு நான் வரைஞ்ச அதே படம்! விரிசல் ஒரே நாள்ல வந்ததில்லை, ரொம்ப நாளா வளர்ந்திருக்குனு அந்தக் கோடுகளே சாட்சி சொல்லுது.

'வெல்டிங் வெச்சா போச்சு'னு கேட்கிறீங்களா? நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். பட்டை எஃகு பதம் போட்டது. வெல்டிங் சூட்டுல அந்தப் பதம் கெட்டு, பக்கத்துலயே மறுபடி ஒடியும். மாத்துறதுதான் ஒரே வழி.

இன்னொரு சங்கதி. யூ போல்ட் இறுக்கமா இருந்தா, பட்டையோட நடுப்பகுதி வளையவே வளையாது. லூஸானா வளைவு சென்டர் போல்ட் ஓட்டை வரைக்கும் போகும். ஓட்டைனாலே அங்க ஸ்ட்ரெஸ் குவியும், இது நமக்குத் தெரியும். அதனாலதான் சில பட்டைகள் சரியா ஓட்டையிலேயே முறியுது. சென்டர் போல்ட் அறுந்தா ஹவுசிங் நகரும். ஆரம்பத்துல சொன்ன நண்டு நடை ரகசியம் இதுதான்!

2018 ஜூலையில மத்திய அரசு, நாலு டயர் உள்ள பின் அச்சுக்கு அனுமதிச்ச பாரத்தை 10.2 டன்ல இருந்து 11.5 டன்னா உயர்த்திச்சு. அரசாணை வந்துச்சுங்கிறதுக்காக பழைய லாரியோட பட்டை தானா தடிச்சிடாது, இல்லையா?

புதுப் பட்டை, புது யூ போல்ட் (பழசை மறுபடி போடக் கூடாது, முதல் தடவை இறுக்கும்போதே இழுபட்டிருக்கும்) மாட்டி, நாலு நட்டையும் எதிரும் புதிருமா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினோம். லோடோட ஓடினா பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு நல்லாப் படிஞ்சு, இறுக்கம் குறையும். "லோடு எறக்கிப்போட்டு நேரா இங்கதான் வரோணும்"னு மேஸ்திரி கறாரா சொல்லி அனுப்பினார்.

மூணாம் நாள் சாயங்காலம் லாரி வந்து நின்னுச்சு. டிரைவர் என்னைத்தான் கூப்பிட்டார், "தம்பி, நீங்களே பாருங்க." முதல்ல கம்பி பிரஷ்ஷை எடுத்தேன். அப்புறம் ஸ்பேனர். நட்டு கால் சுத்து போச்சு.