வடுவுக்கு மேல் வளரும் வடு

காரியாபட்டி வட்டாரத்துக் கரிசல் காடுகளில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவோருக்கு முள் கீறலும் தீப்புண்ணும் புதியன அல்ல. பெரும்பாலும் அவை ஆறிச் சிறு வடுவாக நின்றுவிடும். சிலருக்கோ அவ்வடு தடித்து, புண்ணின் எல்லையையும் கடந்து மாதக்கணக்கில் வளர்ந்து, அரிப்பும் வலியும் தரும். காது குத்திய இடத்தில் சிலருக்கு உருண்டையாகத் திரண்டு நிற்பதும் இதுவே. நண்டுக் கொடுக்கைப்போல் பரவுவதால் இதற்குக் ‘கெலாய்டு’ என்று பிரெஞ்சு வைத்தியர் அலிபேர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயரிட்டார்.

புண்ணை ஆற்றுவதற்கு உடல் உண்டாக்கும் நார்ப்பொருள் அளவு மீறுவதே இதற்குக் காரணம். இது தெய்வக் குற்றமன்று, தொற்று வியாதியுமன்று, புற்றுமன்று. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதுண்டு. அத்தகையோர் பச்சை குத்திக்கொள்ளாதிருத்தல் நலம்.

அறுத்தெறிந்தால் தீரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அறுத்த இடமும் ஒரு புண்தானே! அறுவை மட்டும் செய்தால் முன்னிலும் பெரிதாக வளரக்கூடும். சூடு போடுவதும் அவ்வாறே கேடு தரும். ட்ரையாம்சினோலோன் என்னும் மருந்தைத் தழும்பினுள்ளேயே சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசியால் செலுத்துவது வழக்கமான சிகிச்சையாகும். பலன் மெதுவாகவே தெரியும், இடையில் நிறுத்தலாகாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டலாம்.

ஒன்றை மட்டும் இத்துடன் குழப்பிக்கொள்ளலாகாது. காயம் எதுவுமின்றி வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றி, அவ்விடத்தில் தொடு உணர்ச்சி இல்லையெனில், அது தொழுநோயாக இருக்கலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அத்தகையோரை ஒதுக்கிவைக்க இடங்கொடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடனே அனுப்ப வேண்டும். நோயின் தன்மைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களுக்கு உரிய கூட்டு மருந்து அங்கு இலவசமாகவே கிடைக்கிறது.