பேய் வாழவைத்த ஸ்டுடியோ

சாங்கி விமான நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்து நகரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலையில்தான் வருவார்கள். இடப்பக்கம் கடற்கரைப் பூங்கா, வலப்பக்கம் மரங்களுக்குப் பின்னால் வரிசையாகக் கொண்டோமினிய வீடுகள். அந்தச் சாலை ஓடும் நிலம் 1960-களின் நடுப்பகுதிவரை நிலமே இல்லை. மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்து எடுத்தது. அதற்கு முன்பு அலை வந்து தொட்ட கரை இன்றைய ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தச் சாலையோரத்தில் 1953 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு சினிமா ஸ்டுடியோ இயங்கியது. பெயர் கேத்தே-கெரிஸ்.

‘சிங்கப்பூரில் சினிமா எடுத்தார்களா?’ என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் கேட்பதுண்டு. எடுத்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட மலாய்ப் படங்கள் இந்தச் சின்ன ஊரில் உருவாயின. அவற்றில் பலவற்றை இயக்கியவர்கள் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்தவர்கள் என்பதை நம்மவர்களிலேயே பலர் அறிவதில்லை.

பெரிய வீடு ஒன்று, சின்ன வீடு ஒன்று என்று அன்றைய சிங்கப்பூர் சினிமாவைப் பிரித்துக்கொண்டால் விஷயம் புரிந்துவிடும். பெரிய வீடு ஷா சகோதரர்களுடையது. தேக்காவிலிருந்து சிராங்கூன் ரோட்டில் வடக்கே நடந்து பாலஸ்டியர் பக்கம் திரும்பினால் ஜாலான் அம்பாஸ் என்ற சிறிய தெரு வரும். அங்கேதான் ஷாக்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் இருந்தது. நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் மாதச் சம்பளம், பலருக்குக் குடியிருப்பு, படம் முடிந்ததும் ஓட்டுவதற்குச் சொந்தத் திரையரங்குகள். மலாய்த் திரையுலகின் பேரரசன் பி. ராம்லி அந்த வளாகத்திலிருந்துதான் எழுந்தார்.

இந்தச் சொந்தத் திரையரங்குகள் என்பதுதான் முக்கியம். கடன் வாங்கி யாரும் ஒரு படம் எடுத்துவிடலாம். எடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தக் கொட்டகையின் வாசலில் நிற்பது? போருக்குப் பின் ஷாவுக்குப் போட்டியாக நுசாந்தாரா என்றொரு நிறுவனம் முளைத்தது. சில ஆண்டுகளில் மூடப்பட்டது. தனித்து நின்ற தயாரிப்பாளர்களின் கதை பெரும்பாலும் அப்படித்தான் முடிந்தது.

ஹோ ஆ லோக் இதை நன்றாக அறிந்தவர். மலாயாவில் திரையரங்குத் தொழிலில் ஊறிய மனிதர். முதலில் ரிமாவ், பிறகு கெரிஸ் என்று நிறுவனம் தொடங்கினார். ரிமாவ் என்றால் புலி, கெரிஸ் என்றால் மலாய்க்காரர்களின் வளைந்த குத்துவாள். புலியையும் வாளையும் வைத்துக்கொண்டு ஷாக்களோடு மோத முடியாது என்பது அவருக்குத் தெரியும். கொட்டகை வேண்டும். கொட்டகை வைத்திருந்தவர் லோக் வான் தோ.

லோக் வான் தோவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். கோலாலம்பூரின் பெருஞ்செல்வர் லோக் இயூவின் மகன்; 1915-ல் பிறந்தவர். 1939 அக்டோபரில் அவர் குடும்பம் திறந்த கேத்தே திரையரங்குதான் சிங்கப்பூரில் குளிர்சாதன வசதி பெற்ற முதல் தியேட்டர் என்பார்கள். ஜப்பானியர் நெருங்கிய நேரத்தில் அவர் தப்பிச் சென்ற கப்பல் குண்டு வீச்சில் மூழ்கியது. தீக்காயங்களோடு பிழைத்து இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கே பறவையியலாளர் சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. அதன்பின் வாழ்நாள் முழுக்கப் பறவைகளைப் படம் பிடிப்பதில் பித்துப் பிடித்தவராக இருந்தார். சினிமாக் கொட்டகை முதலாளிகளில் கூட்டுக்குள் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க மணிக்கணக்கில் மறைந்து உட்கார்ந்திருக்கும் ஆள் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

(அவர் இல்லாத அந்த ஆண்டுகளில் கேத்தே கட்டடத்தை ஜப்பானியப் பிரசாரத் துறை எடுத்துக்கொண்டது. சுபாஷ் சந்திர போஸின் இயக்கத்தைப் பற்றிப் படம் எடுக்க இயக்குநர் யாசுஜிரோ ஓசுவைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். படம் நிறைவேறவில்லை. கைப்பற்றப்பட்டிருந்த ஹாலிவுட் படங்களை உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். இந்திய தேசிய ராணுவத்தில் அணிவகுத்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் ஓசுவின் கேமராவில் பதிவாகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.)

1953-ல் ஹோவின் கெரிஸும் லோக்கின் கேத்தேயும் இணைந்தன. சின்ன வீடு பிறந்தது. முதல் படம் ‘பூலோ பெரிண்டு’. வண்ணப் படம்; மலாய் மொழியில் அதுவே முதல் வண்ணப் படம் என்பார்கள். இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ். சிங்கப்பூரில் எடுத்த முதல் மலாய்ப் படமான ‘லைலா மஜ்னு’வை 1930-களில் இயக்கிய அதே இந்தியர்.

ஏன் இந்தியர்கள்? மலாய் ரசிகர்களுக்கு இந்தியப் படங்கள் முன்பே பழகியிருந்தன. பாட்டு, ஆட்டம், அழுகை, ராஜா ராணிக் கதை எல்லாம் பங்சாவான் நாடக மேடையிலும் உண்டு. நம் நாடக மேடையிலும் உண்டு. சென்னையிலும் கல்கத்தாவிலும் ஸ்டுடியோ முறையில் பயின்றவர்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியும், வேலையும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: மலாய். பல இயக்குநர்கள் வசனத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் நடிகர்களிடம் வாங்கினார்கள்.

பி.என். ராவ் அப்படி வந்தவர்களில் ஒருவர். கேரளத்துக்காரர். தமிழ்ப் பட ரசிகர்களில் வயதானவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கக்கூடும்: ‘ரம்பையின் காதல்’, ‘பூலோக ரம்பை’, ‘மதனகாமராஜன்’, ‘சாலிவாகனன்’ ஆகியவற்றை இயக்கியவர். முதலில் ஷாவிடம் சேர்ந்து 1953-ல் பி. ராம்லியை வைத்து ‘ஹூஜான் பனாஸ்’ எடுத்தார். பின்பு கேத்தே-கெரிஸுக்கு மாறினார். மாறிய பிறகுதான் விஷயம் நடந்தது.

1957 ஏப்ரல் 27. கேத்தே திரையரங்கில் ‘பொந்தியானாக்’ வெளியாகிறது. பொந்தியானாக் என்பது மலாய்க்காரர்களின் பெண் பேய். பிரசவத்தில் இறந்தவள் அப்படி ஆவாள் என்பது நம்பிக்கை. பிடரியில் ஆணி அடித்தால் அடங்கி அழகிய பெண்ணாகிவிடுவாள். பேயின் முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிக்கும் ஊரிலிருந்து போனவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. படத்தில் கூன் விழுந்த சோமெல் என்ற பெண் மந்திர மருந்தால் பேரழகி ஆகிறாள். இரத்தத்தை ஒருபோதும் சுவைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை வாயால் உறிஞ்சி எடுக்கிறாள். அவ்வளவுதான், பேயாகிறாள். கணவனைக் காப்பாற்றப் போய்ப் பேயானவள் என்ற அந்த முடிச்சில் நம்மூர் மெலோடிராமாவின் கைரேகை தெரிகிறது. பயமுறுத்துவது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் இந்தக் கண்ணீர் தேவையில்லை.

சோமெலாக நடித்த மரியா மெனாடோ ஒரே இரவில் பெரும் நட்சத்திரமானார். கேத்தேயில் படம் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஓடியது. அன்றைக்கு மலாய்ப் படங்களுக்கு இத்தகைய ஓட்டம் வாய்ப்பதில்லை. அதுவும் ஹாலிவுட் படங்களுக்கென்று பெயர் பெற்ற குளிர்சாதன அரங்கில். கான்டனீசில் டப்பிங் செய்தார்கள். சீன ரசிகர்களும் வந்தார்கள். அதே ஆண்டு ‘டெண்டாம் பொந்தியானாக்’, மறு ஆண்டு ‘சும்பா பொந்தியானாக்’ என்று ராவே தொடர்ந்தார். பெரிய வீடு சும்மா இருக்குமா? ஷா 1958-ல் ‘அனாக் பொந்தியானாக்’ எடுத்தது. அதே ஆண்டு எண்ணெய் பூசிய உடம்போடு இரவில் பெண்களைத் தூக்கிச் செல்லும் ‘ஓராங் மிஞாக்’ கதைக்கும் இரண்டு வீடுகளுக்குமிடையே ஓட்டப்பந்தயம். ஷாவுக்காக ராம்லி ஒன்று எடுக்க, கேத்தே-கெரிஸுக்காக எல். கிருஷ்ணன் இன்னொன்று எடுத்தார்.

எல். கிருஷ்ணன் தமிழர். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். 1950-ல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் பி. ராம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர். ராவைப் போலன்றி இவருக்கு மலாய் வளர்ந்த மண்ணின் மொழி. அந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. 1950-களின் நடுவிலேயே மலாய் எழுத்தாளர்களும் பத்திரிகைகளும் ‘எங்கள் கதைகளை எங்கள் ஆட்கள் எடுக்கக்கூடாதா’ என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நியாயமான கேள்வி. இந்திய வெற்றிப் படங்களின் கதையையும் காட்சியமைப்பையும் சொக்காய் மாற்றி கம்பத்து வீட்டுக்குள் நுழைத்த படங்கள் குறைவல்ல. அதற்குப் பதிலும் இரண்டு வீடுகளிலிருந்தே வந்தது. ஷாவில் ராம்லி இயக்குநரானார். கேத்தே-கெரிஸில் படத்தொகுப்பு மேசையிலிருந்து எழுந்து வந்த ஹுசைன் ஹனிஃப் 1961-ல் ‘ஹாங் ஜெபாட்’ எடுத்தார். பழைய மலாய் வீரக் கதையில் மன்னனுக்கு விசுவாசம் காட்டிய ஹாங் துவாவை விட்டுவிட்டு, எதிர்த்து நின்ற ஜெபாட்டை நாயகனாக்கிய படம். என் கணக்கில் அந்த ஸ்டுடியோ எடுத்த மிகச் சிறந்த படம் அதுதான். பொந்தியானாக் ஈட்டிய பணம்தான் இப்படிப்பட்ட படங்களுக்கு இடம் தந்தது என்றும் சொல்வேன். ஹனிஃப் முப்பத்திரண்டு வயதில் மறைந்துவிட்டார்.

அதே ஸ்டுடியோவில் பாட்டுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தவர் சுபிர் சயித். பேய்ப் படங்களுக்குப் பின்னணி இசை தந்த அந்தக் கைதான் ‘மஜுலா சிங்கப்பூரா’வையும் எழுதியது. தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரிவு எப்படி வந்தது? 1960 வாக்கில் ஹோ பிரிந்து கோலாலம்பூர் போய் மெர்டேக்கா ஸ்டுடியோவைத் தொடங்கினார். கிருஷ்ணனும் அங்கே சென்றார். 1963-ல் மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியாவின் ‘கொன்ஃப்ரொன்டாசி’ மோதல் தொடங்கியதும் மலாய்ப் படங்களின் மிகப் பெரிய வெளிச்சந்தை கதவடைத்தது. அதே 1963-ல் சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்தது. 1964 ஜூனில் தைவானில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவுக்குச் சென்ற லோக் வான் தோ தைச்சுங் அருகே விமான விபத்தில் மாண்டார். மறு ஆண்டு சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. ஊருக்கும் பார்வையாளனுக்கும் நடுவே எல்லை விழுந்தது.

இவை எல்லோரும் சொல்லும் காரணங்கள். இவற்றுக்கு அடியில் கொட்டகைக் கணக்கு ஒன்று இருக்கிறது. திரையரங்கு வைத்திருப்பவருக்குச் சொந்தமாகப் படம் எடுப்பது எப்போதுமே இரண்டாவது வழிதான். ஹாங்காங்கிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஹாலிவுட்டிலிருந்தும் வண்ணப் படங்கள் வந்து குவியும்போது, மாதச் சம்பளத்துக்கு ஆட்களை வைத்துக் கறுப்பு-வெள்ளையில் ஏன் எடுக்க வேண்டும்? ஸ்டுடியோவை வாழவைத்த அதே கொட்டகைதான் அதைக் கைவிட்டது. ஷா 1967-ல் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவை மூடியது. கேத்தே-கெரிஸின் கடைசி மலாய்ப் படம் 1972-ல் வந்தது.

அதன்பின் இருபது ஆண்டுகள் சிங்கப்பூரில் சினிமா என்றால் பெரும்பாலும் பார்ப்பதுதான். 1995-ல் எரிக் கூ ‘மீ பொக் மேன்’ எடுத்தபோதுதான் பேச்சு மறுபடி தொடங்கியது. அவருடைய ஜாவ் வெய் ஃபிலிம்ஸ் 2008-ல் எடுத்த ‘மை மேஜிக்’ தமிழ்ப் படம். குடிகார மந்திரவித்தைக்காரர் ஒருவருக்கும் அவர் மகனுக்குமான கதை. போஸ்கோ பிரான்சிஸ் நடித்தார். கான் விழாவில் தங்கப் பனை விருதுக்குப் போட்டியிட்ட முதல் சிங்கப்பூர்ப் படம் அதுவே. எரிக் கூவுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதிய வசனத்தை நடிகர்கள் தமிழாக்கிக்கொண்டார்கள். மலாய் தெரியாத இந்தியர்கள் மலாய்ப் படம் எடுத்த ஊரில் ஐம்பது ஆண்டு கழித்து வட்டம் இப்படிச் சுற்றி வந்தது. 2016-ல் கே. ராஜகோபாலின் ‘ஏ யெல்லோ பேர்ட்’ கானின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. அதைத் தயாரித்தது அகங்கா என்ற இன்னொரு சிறு நிறுவனம். இந்த நிறுவனங்களிடம் கொட்டகை இல்லை. விழாக்களையும் அரசு மானியத்தையும் வெளிநாட்டுக் கூட்டுத் தயாரிப்பையும் நம்பி நடக்கின்றன. உள்ளூரில் இந்தப் படங்களைப் பார்க்க விரும்பினால் ஓடும் சில நாள்களுக்குள் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

பொந்தியானாக்கின் பிரதிக்கு என்ன ஆயிற்று? ஹோ தன் பங்குக்கு வந்த படப்பெட்டிகளைக் கோலாலம்பூரில் கைவிடப்பட்ட ஈயக் குட்டை ஒன்றில் எறிந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. வைக்க இடமில்லை, ஓட்டி முடித்த படத்துக்கு மதிப்பும் இல்லை. கேத்தே-கெரிஸின் மலாய்ப் படங்களில் எஞ்சியவை 91. யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் 2014-ல் அவை இடம்பெற்றன. ‘சும்பா பொந்தியானாக்’ அதில் இருக்கிறது. 1957-ன் முதல் படமும் அதன் தொடர்ச்சியும் கிடைக்கவில்லை.

படம் கிடைக்காவிட்டாலும் படத்தைச் சுற்றியவை கிடைக்கலாம். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், படப்பிடிப்பில் எடுத்த புகைப்படம், சென்னையிலிருந்து வந்த தாத்தா ஊருக்கு எழுதிய கடிதம். பீடோக்கிலோ சிராங்கூனிலோ உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஏதாவது கிடந்தால், குப்பைக்குப் போடுமுன் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திடம் ஒரு முறை காட்டுங்கள்.