சீனி கடைசியில்

கிள்ளானுக்கு வெளியே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் பூசணிக்காயை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில், யாரோ வீசிய விதையிலிருந்து கொடி தானாக எழும்பும். வேலியில் ஏறும், ஆட்டுக்கொட்டகைத் தகரத்தில் படரும். காய் முற்றி, காம்பு காய்ந்து கட்டையான பிறகுதான் அம்மா அறுப்பார். ஒரு காயை ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. நாலு கீற்றாக வெட்டினால் மூன்று கீற்று பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும். அன்று பிற்பகல் லயத்தில் நாலு அடுப்பிலும் ஒரே வாசனை வரும்: கடுகு, காய்ந்த மிளகாய், கருவேப்பிலை. எல்லாம் அடங்கிய பிறகு கடைசியாக, சீனி லேசாகக் கருகுவதற்கு ஒரு நொடி முன்பு எழும் அந்த மணம்.

மஞ்சள் பூசணிப் பிரட்டலைச் சொல்கிறேன். மலேசியத் தமிழர் வீட்டில் இதைவிட எளிய கறி கிடையாது. காய், வெங்காயம், மிளகாய், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் சீனி. சில வீடுகளில் சோம்பு தாளிப்பார்கள், சில வீடுகளில் பட்டை. மாமிசம் சாப்பிடும் நாளானால் ஒரு பிடி காய்ந்த இறாலை இடித்துப் போடுவதும் உண்டு. துண்டுகள் குழையக் கூடாது. சீனி பாகாகிக் காயின் மேல் மெல்லிய பூச்சாகப் பிடித்து, விளிம்புகள் பளபளக்க வேண்டும். அந்தப் பளபளப்புதான் பிரட்டலின் அடையாளம். அது இல்லாவிட்டால் வெறும் பூசணி மசியல்.

அம்மா விடியற்காலையிலேயே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பாலெடுத்து நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வர மதியமாகிவிடும். வந்ததும் ரப்பர் விறகு அடுப்பு. சோறும் குழம்பும் இறங்கின பிறகே பூசணிக்கு இடம் கிடைக்கும். அதற்குள் விறகு எரிந்து முடிந்து தணல் மட்டும் கிடக்கும். அந்தத் தணலில் சட்டி கால் மணி நேரம் தன்பாட்டுக்கு இருக்கும். இந்தக் கறிக்கு அதைவிடப் பொருத்தமான தீ இல்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

சீனி தோட்டத்துக் கடையில் பற்றுக்கு வாங்கியது. சம்பள நாளில் புத்தகத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் வீட்டில் சீனிக்கு அளவு உண்டு. காலைக் காப்பிக்குப் போக மிஞ்சுவதுதான் கறிக்கு. நான் ஒருமுறை அவசரத்தில் காயோடு சேர்த்தே சீனியைக் கொட்டிவிட்டேன். "ஏன்டி இப்பவே போட்ட? காய் வேகவே வேகாது. தண்ணி சுண்டட்டும், அப்புறம் போடு" என்று அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். அம்மாவுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. ஆனால் அவர் சொன்னது சமையல் அறிவியலின்படி சரி. காயின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் காய் மெத்தென்று வேகும். சீனி அந்தக் கரைவைத் தாமதப்படுத்தும். போதாததற்குக் காயிலிருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும். முதலிலேயே போட்டால் சட்டியில் இனிப்புத் தண்ணீரும் அதில் மிதக்கும் அரைவேக்காட்டுத் துண்டுகளும்தான் மிஞ்சும். அந்தத் தண்ணீரைச் சுண்ட வைப்பதற்குள் காய் கரைந்துவிடும், பாகு பிடிக்க இடமே இருக்காது. உப்பு மஞ்சளோடு மூடி போட்டு முக்கால் வேக்காடு, பிறகு திறந்து வைத்துத் தண்ணீர் சுண்டுவது, சீனி அதற்கும் பிறகு. இந்த வரிசையில் செய்தால் ஒரு தேக்கரண்டி சீனியே அரைக் கிலோ காய்க்குப் போதும். ஏனென்றால் சீனி காயின் உள்ளே போவதில்லை, மேலேயே நிற்கிறது. நாக்கு முதலில் தொடுவது அதைத்தான்.

சில சமயம் சீனிக்குப் பதிலாகக் குலா மலாக்கா வரும். தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி இறுக வைத்த கருப்பட்டி. அது போட்ட பூசணி பழுப்பாக மின்னும், லேசாகப் புகைவாசம் அடிக்கும். எங்கள் லயத்தில் அது விசேஷ நாளுக்கு உரியது.

இந்தக் காய்க்குத் தமிழிலேயே பல பெயர்கள். தமிழ்நாட்டில் பரங்கிக்காய். அமெரிக்கக் கண்டத்துக் காய் அது. பரங்கியர், அதாவது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்ததைப் பெயரே சொல்லிவிடுகிறது. அதே போர்ச்சுக்கீசியர்தான் 1511-இல் மலாக்காவையும் பிடித்தார்கள். செட்டிநாட்டில் பரங்கிக்காயைப் புளியும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கறி வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குச் சர்க்கரைப்பூசணி என்று பெயர், தேங்காய்ப்பால் விட்டு வெள்ளையாகக் கறி வைப்பது அவர்கள் வழக்கம். இங்கே எங்களுக்கு மஞ்சப் பூசணி, சந்தையில் மலாய்ப் பெயரான லபு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்தப் பெயர்களெல்லாம் ஒரே தெருவில் குடியிருந்தன. ரயில்வே வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்காட் சாலைப் பக்கம் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள். ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகளில் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் இலங்கைக் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழ்ந்தன. பெரியம்மா ஒருவர் அங்கே இருந்ததால் பள்ளி விடுமுறைக்குப் போவோம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா அனுப்பும் பால்கறிக்கும் பெரியம்மாவின் பிரட்டலுக்கும் தட்டில் கோடு கிழித்து இடம் ஒதுக்குவேன். இரண்டும் கலக்கக் கூடாது என்று எனக்கு அப்படியொரு பிடிவாதம். அந்த வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. பக்கத்திலிருந்த ரயில்வே நிலத்தில் எழும்பிய கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் 2001-இல் திறந்தது. அங்கிருக்கும் துன் சம்பந்தன் சாலை 2010-இல் லிட்டில் இந்தியா ஆயிற்று.

பாட்டி காலத்துக்குப் போனால் கதை வேறு. 1942 ஜனவரியில் ஜப்பான் படை கோலாலம்பூருக்குள் வந்த பிறகு அரிசி அரிதாகிவிட்டது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சாப்பிட்டே தோட்டங்கள் மூன்றரை ஆண்டு உயிர் வாழ்ந்தன. பாட்டிக்குப் பூசணி தொடுகறி இல்லை, அதுவே சோறு. சீனியே கண்ணில் படாத நாட்களில் அதைச் சுட்டுத் தின்றதாகச் சொல்வார். "அதுலயே இனிப்பு இருக்கு, நாக்குதான் மறந்துபோச்சு" என்பது அவர் பேச்சு. அம்மாவின் ஒரு தேக்கரண்டிச் சீனியே பாட்டிக்கு ஆடம்பரமாகப் பட்டது.

பிறகு தோட்டங்கள் போயின. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், செம்பனையையும் வெட்டிவிட்டு வீடு கட்டினார்கள். இன்றைய யூஎஸ்ஜே நிற்கும் இடத்தில் சீஃபீல்டு தோட்டம் இருந்தது. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆகிவிட்டது. எங்கள் தோட்டமும் அப்படித்தான். நாங்கள் ஃபிளாட்டுக்கு வந்தோம். நாலாவது மாடியில் கொடி எங்கே படரும்? முழுக்காயை அறுத்து மூன்று வீட்டுக்குக் கொடுக்கும் பழக்கமும் அதோடு நின்றது. இப்போது பூசணி பிளாஸ்டிக் தாள் சுற்றிய கீற்றாக வருகிறது, எடை போட்ட ஒட்டுச்சீட்டோடு. இந்த மாற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு அந்தக் கீற்று வசதிதான். கேஸ் அடுப்பும் அப்படியே. கண்ணெரியப் புகையில் நின்ற அம்மாவை நினைத்தால், விறகடுப்பு திரும்ப வரட்டும் என்று யாராவது சொல்லும்போது கோபம்தான் வருகிறது.

வருத்தம் வேறொன்றில். பிரட்டல் வீட்டைவிட்டு வெளியேறிக் கடைக்குக் குடிபோய்விட்டது.

கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் வாழையிலைச் சோற்றுக் கடையில் உட்கார்ந்தால் இலையில் முதலில் விழும் காய்களில் பூசணி ஒன்று. பக்கத்தில் முட்டைக்கோஸ், பயத்தங்காய், மொறுமொறுப்பான பாகற்காய். காய்க்குத் தனிக் காசு இல்லை. "அண்ணே, பூசணி இன்னும் கொஞ்சம்" என்றால் வாளியோடு வந்து வைப்பார். மலாய்க்காரரும் சீனரும் கூட இன்று அந்தப் பூசணியை விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள். எங்கள் லயத்துக் கறி இத்தனை பேர் நாக்குக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு.

ஆனால் அண்டாவில் வேகும் பூசணி வேறு. இருபது கிலோ காயைத் தணலில் வைத்துக் காத்திருக்க முடியாது. மதியக் கூட்டத்துக்குள் முடிய வேண்டும். அண்டாவில் தண்ணீர் சுண்டாது, காய் குழையும், அந்தக் குழைவுக்குள் சீனி கலந்துபோகும். மேலே நிற்க வேண்டிய இனிப்பு உள்ளே போய்விட்டால் நாக்குக்குத் தெரிய இன்னும் இன்னும் போட வேண்டும். பல கடைகளில் இன்று இலைக்கு வரும் பூசணி கேசரிக்கு அருகில் வந்துவிட்டது. அதைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் பூசணி என்றால் இதுதான் என்று நினைக்கிறார்கள், வீட்டில் செய்யும்போதும் அதே இனிப்பைத் தேடுகிறார்கள். நானும் கொஞ்ச வருஷம் கைநிறைய அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். சீனியும் மலிவு: சாதாரணச் சீனிக்குக் கட்டுப்பாட்டு விலை 2018-இல் கிலோ 2.85 வெள்ளி ஆனது. அம்மா பற்றுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டது என் வீட்டில் கை போனபடி விழுந்தது.

என் கையை நிறுத்தியது மருத்துவரின் சீட்டு. இனிப்பு நீர். நம் சனங்களில் அந்தச் சொல் நுழையாத வீடு எது? 2019-இல் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. எல்லா இனத்திலும் நாம்தான் முன்னால். அதே ஆண்டு ஜூலை முதல் தேதி அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது: 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அப்போது லிட்டருக்கு 40 சென். டின்னில் அடைத்த பானத்துக்கு அளவு எழுதியிருக்கிறது. இலையில் விழும் பூசணிக்கு யார் எழுதுவார்கள்? காய்தானே என்று இரண்டாம் முறையும் வாங்குகிறோம்.

இன்னொன்று மனத்தை அறுக்கிறது. இன்றைய காய் அன்றைய காயைவிட இனிப்பானது. கடும்பச்சைத் தோலோடு வரும் ஜப்பான் பூசணி இப்போது எல்லாப் பேரங்காடியிலும் கிடைக்கிறது. எங்கள் வேலிக் காயைவிட அதில் தண்ணீர் குறைவு, மாவும் இனிப்பும் அதிகம். தோலோடே வேகும், சீக்கிரம் குழையாது. பிரட்டலுக்கென்றே பிறந்த காய் என்று சொல்வேன். அதற்குச் சீனி பேருக்குத்தான் தேவை. காய் இனிப்பான காலத்தில் நாம் சீனியைக் கூட்டினோம்.

கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டமும் அன்னதானப் பந்தியும். அந்த மாதம் முழுக்க மாமிசம் தொடாத வீடுகளில் பூசணிக்குத்தான் அதிக வேலை. போன புரட்டாசியில் என் மருமகளுக்கு அம்மாவின் வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன். "அத்தை, யூடியூப்ல முதல்லயே போடுறாங்களே?" என்றது அந்தப் பெண். ஒரே காயைப் பாதி அப்படியும் பாதி இப்படியும் செய்து பார்த்தோம். அதன் பிறகு அவளாகவே பழைய வரிசைக்கு வந்துவிட்டாள்.

அளவு கேட்பவர்களுக்காக: அரைக் கிலோ பூசணியைத் தோலோடு இரண்டு விரல் தடிமனில் வெட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கருவேப்பிலை தாளித்து, நறுக்கிய வெங்காயத்தை வதக்குங்கள். காய், அரைத் தேக்கரண்டி உப்பு, மஞ்சள், கால் கப் தண்ணீர் போட்டு மூடி, சிறுதீயில் எட்டுப் பத்து நிமிடம். கத்தி நுனி இறங்கினால் மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை பொறுங்கள். சட்டியில் எண்ணெய் சடசடக்கும் சத்தம் கேட்கும். அப்போது ஒரு தேக்கரண்டி சீனி, அல்லது கட்டைவிரல் நுனி அளவு குலா மலாக்காவைச் சீவித் தூவுங்கள். குலா மலாக்காவானால் சீட்டைப் படித்து வாங்குங்கள், வெள்ளைச் சீனி கலந்ததும் அதே பெயரில் விற்கிறது. கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துக் குலுக்கிப் பிரட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் விளிம்பு மின்னும். உடனே இறக்கிவிடுங்கள்.

வரும் புரட்டாசி முதல் சனிக்கிழமை இதை ஒருமுறை வீட்டில் செய்யுங்கள். பிள்ளைகள் இனிப்புப் போதவில்லை என்றால் அன்றைக்குச் சீனியைக் கூட்டாதீர்கள். மூன்றாவது சனிக்கிழமை மறுபடியும் கேளுங்கள்.