குண்டா இருந்தா ரத்தம் நல்லா இருக்குன்னு அர்த்தமா?



காசிமேட்டில் மீன் விற்கும் நம் உறுப்பினர் ஒருவர், சுகர் டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் சோற்றையும் டீயையும் குறைத்துக்கொண்டார். "ரிசல்ட் நல்லா வந்துச்சு, எனக்கு சுகர் கிடையாது" என்று கூட்டத்தில் சொன்னார். நாமும் நம்பினோம். பிறகு கையில் மீன் முள் குத்திய புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. டாக்டர் 'மூணு மாச சர்க்கரை' டெஸ்ட் எடுத்தார். 8-க்கு மேல் இருந்தது.

மூன்று மாதக் கணக்கு எப்படித் தெரிகிறது?

ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். சர்க்கரை கூடும்போது, அணுவுக்குள் உள்ள ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். அணு அழியும் வரை அது போகாது. எவ்வளவு சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் எச்பிஏ1சி டெஸ்ட். விரலில் குத்திப் பார்ப்பது இன்றைக்குக் கையில் உள்ள காசு மாதிரி. இது மூன்று மாத பாஸ்புக். 5.7-க்குக் கீழே சரி. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

பருமனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். அதிகக் கொழுப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதையும் குறைக்கும். அதனால் குண்டாக இருப்பவர்களுக்கும் ரத்தசோகை வரும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை. 53 பேருக்கு ரத்தசோகை.

ரத்தசோகை இருந்தால் டெஸ்ட் தப்புமா?

தப்பலாம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் நிறையப் போயிருந்தால் புது அணுக்கள் வந்து, குறைவாகக் காட்டலாம். பாஸ்புக்கில் பக்கம் கிழிந்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? நம் உறுப்பினருக்கு ஹீமோகுளோபின் 9தான். அதனால் டாக்டர் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சுகர் பார்த்து, நோயை உறுதி செய்த பிறகே இரண்டுக்கும் மருந்து கொடுத்தார்.

நாம் என்ன செய்யலாம்?

* சுகர் பார்க்கும்போது ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது.
* மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா, சமீபத்தில் ரத்தம் ஏற்றினார்களா, கர்ப்பமா என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.
* டெஸ்டுக்காக ரெண்டு நாள் பட்டினி வேண்டாம். எச்பிஏ1சி-க்கு வெறும் வயிறு தேவையில்லை.
* சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள், இரும்புச்சத்து சேராது.
* வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் பரிசோதனை செய்யுங்கள்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்க்கிறார்கள். வரும்போது "வேலை இருக்கு"ன்னு திருப்பி அனுப்பாதீங்க.

அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கைப் பார்க்கும்போது, யார் யார் டெஸ்ட் எடுத்தோம் என்றும் கேட்டுக்கொள்வோம்.