எப்படி இயங்குகிறது? அரைவேக்காட்டு மென்பொருளும் அதன் கஸ்டமர் கேரும்

ஒரு ஹோட்டல். வெள்ளிக்கிழமை காலை திறப்பு விழா. போஸ்டர் ஒட்டியாயிற்று, முன்பதிவுக்குக் காசும் வாங்கியாயிற்று, கடன் கொடுத்தவர் முதல் வரிசையில் உட்காரப் போகிறார். வியாழன் ராத்திரி சமையல்கட்டில் எட்டிப் பார்த்தால் மாவு புளிக்கவில்லை, சாம்பாரில் பருப்பு வேகவில்லை, கை கழுவுமிடத்துக்கு இன்னும் குழாயே வரவில்லை. மாஸ்டருக்கு இது தெரியும். காய் நறுக்கும் பையனுக்கும் தெரியும். ஆனாலும் காலையில் கதவு திறக்கும், உங்கள் இலையில் வேகாத பருப்பு விழும்.

காசு கொடுத்து வாங்கிய ஆப் முதல் நாளே மக்கர் பண்ணினால், “இதைக்கூடவா சோதிச்சுப் பாக்கல?” என்று கத்துகிறோம். பெரும்பாலும் சோதித்துப் பார்த்திருப்பார்கள். நம்மைக் கோபப்படுத்த வேண்டியது அதுதான்.

டெஸ்டர்கள் என்ற பெயரில் ருசி பார்க்கவே ஆட்கள் உண்டு. அவர்கள் கண்ட குறை ஒவ்வொன்றும் பட்டியலில் ஏறும். பி1, பி2, பி3 என்று அவசரத்துக்கேற்ப எண் விழும். பி1 என்றால் அடுப்பே பற்றி எரிகிறது: ஆப் திறக்கவில்லை, சேமித்து வைத்தது அழிகிறது. பி3 என்றால் சட்னியில் உப்பு கொஞ்சம் தூக்கல். ரிலீஸ் தேதி நெருங்க நெருங்க இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தினமும் கூட்டம் போடுவார்கள். அங்கே சமையல் நடக்காது, பேரம்தான் நடக்கும். நேற்றுவரை பி1 ஆக இருந்தது, “எல்லா போன்லயும் வரலையே” என்று யாரோ சொன்னதும் பி2 ஆகிவிடும். பி2-க்கு ‘அடுத்த அப்டேட்டில்’ என்று முத்திரை குத்துவார்கள். குறை அப்படியே இருக்கும், எண் மட்டும் மாறும்.

முன்பு இவ்வளவு துணிச்சல் வராது. சிடியில் விற்ற காலத்தில் மென்பொருள் பார்சல் சாப்பாடு மாதிரி. கட்டிக் கொடுத்தபிறகு ரசத்தில் உப்புப் போட முடியாது. ஆகவே கடைசிப் பிரதி அச்சுக்குப் போகும் நாளை ‘கோல்ட்’ என்று சொல்லிக் கொண்டாடினார்கள். இப்போது வீட்டுக்கு வீடு இணையம். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எட்டி வந்து உப்புத் தூவிவிட்டுப் போகலாம். அப்டேட் நல்ல ஏற்பாடுதான், பாதுகாப்பு ஓட்டையை அடைக்க அதைவிட்டால் வேறு வழி கிடையாது. ஆனால், பிறகு தூவிக்கொள்ளலாம் என்று தெரிந்த சமையல்காரர் முதலில் ருசி பார்ப்பதில் சுணங்கத்தான் செய்வார்.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் தன் ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டு கோல்ட் ஆகிவிட்டது என்று 2020 அக்டோபர் தொடக்கத்தில் அறிவித்தது. அதே மாதக் கடைசியில், இன்னும் 21 நாள் வேண்டும் என்றது. டிசம்பர் 10-ல் பரிமாறினார்கள். முன்கூட்டியே ருசி பார்க்க அழைக்கப்பட்ட விமர்சகர்களுக்குக் கிடைத்ததெல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் வடிவம். பழைய பிளேஸ்டேஷன் 4-க்கான சட்டி அவர்கள் கண்ணில் காட்டப்படவே இல்லை. அந்தச் சட்டிதான் அடிப்பிடித்திருந்தது. ஒரு வாரம் கழித்து சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. மறுபடி அலமாரிக்கு வந்தது 2021 ஜூனில்.

வேலை முடியவில்லையென்றால் ஆள் போட்டு முடிக்க வேண்டியதுதானே? ஐபிஎம்மின் சிஸ்டம்/360 இயங்குதள வேலையை நடத்திய ஃபிரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே ஒரு புத்தகத்தில் இதற்குப் பதில் எழுதிவிட்டார்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் தாமதமும் கூடும். புதிதாக வந்த பத்துப் பேருக்கு உப்பு டப்பா எங்கே, புளி எங்கே என்று காட்டிக்கொண்டிருப்பதிலேயே மாஸ்டரின் ராத்திரி போய்விடும். ப்ரூக்ஸும் சமையல்கட்டுக்குள்தான் நுழைந்தார். இரண்டு நிமிடத்தில் தருவதாகச் சொன்ன ஆம்லெட் வேகாவிட்டால், வந்தவர் காத்திருக்க வேண்டும், இல்லையேல் பச்சையாகத் தின்ன வேண்டும். தீயைக் கூட்டினால் ஒருபக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாகவே இருக்கும் என்பது அவர் கணக்கு. அந்தப் புத்தகம் வந்து ஐம்பது வருடமாகிவிட்டது. மேனேஜர்கள் அதை அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு வகை உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஹோட்டலில் ஒரே ராத்திரியில் சமையல்கட்டை இடித்துக் கட்டுவது. வீட்டு ஸ்பீக்கர்கள் செய்யும் அமெரிக்க நிறுவனமான சோனோஸ் 2024 மே 7 அன்று அதைத்தான் செய்தது. ஸ்பீக்கர்களை இயக்கும் ஆப்பைத் தூக்கிவிட்டு, அடியிலிருந்து புதிதாக எழுதிய ஆப்பை அப்டேட்டாக அனுப்பியது. மறுநாள் பார்த்தால் மெனுவில் இருந்த பழைய பலகாரங்களைக் காணோம். காலை அலாரத்தை மாற்ற முடியவில்லை. தூங்கும் நேரத்தில் தானே பாட்டை நிறுத்தும் டைமர் இல்லை. அடுத்து எந்தப் பாட்டு என்று வரிசை மாற்ற வழியில்லை. கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வசதியோடு ஆப் ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால் இவற்றில் மன்னிக்க முடியாதது அந்தக் கடைசிக் குறைதான். மற்றவர்களுக்கு ஒரு பலகாரம் குறைந்தது; அவர்களுக்கு வாசலே அடைபட்டது.

“பழைய ஆப்பையே திருப்பிக் கொடுங்கள்” என்று வாடிக்கையாளர்கள் கெஞ்சினார்கள். நிறுவனம் யோசித்துப் பார்த்துவிட்டு, முடியாது என்று ஆகஸ்டில் கைவிரித்தது. நம் கண்ணுக்குத் தெரியும் ஆப் வெறும் இலைதான். ஸ்பீக்கருக்குள் ஓடும் மென்பொருளும், இணையத்துக்கு அந்தப் பக்கம் கிளவுடில் ஓடும் மென்பொருளும்தான் அடுப்பு. அவற்றையும் சேர்த்தே மாற்றியிருந்தார்கள். பழைய அடுப்பைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாயிற்று. பழைய இலையை விரித்து என்ன பண்ணுவது? புது ஆப்பைச் சரிசெய்ய 2 முதல் 3 கோடி டாலர் வரை ஆகுமென்று நிறுவனமே கணக்குச் சொன்னது. அதே ஆகஸ்டில் சுமார் 100 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது.

சரி, இலையில் வேகாத பருப்பு. சப்ளையரைக் கூப்பிடுகிறீர்கள்.

கஸ்டமர் கேரில் முதலில் போனை எடுப்பவரை எல்1 என்பார்கள். பல இடங்களில் அவர் ஹோட்டலின் ஆளே இல்லை, காண்ட்ராக்டில் வந்தவர். சமையல்கட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்றுகூட அவருக்கு யாரும் காட்டவில்லை. கையில் ஒரு அட்டை மட்டும் உண்டு. ரீஸ்டார்ட் பண்ணுங்க. கேஷ் கிளியர் பண்ணுங்க. அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க, சார்.

இதைக் கேலி செய்கிறோம், ஆனால் ரீஸ்டார்ட்டில் விஷயம் இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் மென்பொருள் நினைவகத்தில் மிச்சம் மீதியைச் சேர்த்துக்கொண்டே போகும். மேடை முழுக்கக் கழுவாத பாத்திரம்; ஒரு கட்டத்தில் நேற்றைய மோர்க்குழம்புச் சட்டியில் இன்றைய பாயசம் கொதிக்கும். ரீஸ்டார்ட் பண்ணுவது எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக உலை வைப்பதுதான். சட்டியில் அழுக்கு என்றால் கோளாறு அதோடு ஒழியும். செய்முறையே தப்பு என்றால் எத்தனை தடவை கழுவினாலும் அதே பாயசம்தான். இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்க எல்1-க்கு ஒரு கருவியும் கொடுப்பதில்லை.

அவரை அளக்கும் படியும் வேறு. ஒரு அழைப்பு எத்தனை நிமிடம், நாளுக்கு எத்தனை டிக்கெட் (அதாவது பதிவான புகார்) மூடினார், இவைதான் மார்க். மேலே எல்2-க்கு அனுப்பினால், ஏன் அனுப்பினாய் என்று கேள்வி வரும். அதனால்தான் நீங்கள் சொன்னதையே திரும்பச் சொல்ல வைக்கிறார்கள். நாலைந்து நாள் நீங்கள் பதில் போடாவிட்டால் டிக்கெட் ‘தீர்க்கப்பட்டது’ என்று தானாகவே மூடிக்கொள்ளும். சாப்பிட்டவர் எழுந்து போய்விட்டார், ஆகவே பருப்பு வெந்துவிட்டது! (மணிலாவிலோ நம் சென்னை ஓஎம்ஆரிலோ இரவு ஷிப்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையைத் திட்டிப் புண்ணியமில்லை.)

தப்பித் தவறி எல்3 வரை, அதாவது கோட் எழுதும் மாஸ்டர் வரை டிக்கெட் போனாலும், “எங்களிடம் அப்படி வரவில்லை” என்று திரும்பும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அடுப்பு புது போன், வேகமான வைஃபை. உங்களுடையது நாலு வருடப் பழசு, ஸ்டோரேஜ் நிரம்பி வழிவது.

எனவே டிக்கெட்டில் ‘ஆப் வேலை செய்யல’ என்று எழுதாதீர்கள், அது எல்1 அட்டையைத் தாண்டாது. ‘போன் இந்த மாடல், ஆப் வெர்ஷன் இது, மொபைல் டேட்டாவில் இருக்கும்போது அலாரத்தை 6 மணிக்கு மாற்றி சேவ் அழுத்தினால் பழைய நேரத்துக்கே போகிறது, வைஃபையில் போவதில்லை, ரீஸ்டார்ட், ரீஇன்ஸ்டால் இரண்டும் பார்த்தாயிற்று, வீடியோ இணைப்பில்’ என்று எழுதினால் மாஸ்டர் தன் அடுப்பிலேயே அதைத் தீய வைத்துப் பார்க்கலாம். நியாயமாக இது நம் வேலையல்ல. காசையும் கொடுத்துவிட்டு ருசி பார்க்கும் சம்பளமில்லா உத்தியோகமும் பார்க்கிறோம்.

மாஸ்டரும் சப்ளையரும் அறிந்ததை, தேதி குறித்த முதலாளி காதில் போடத்தான் வழி இருப்பதில்லை. அடிபட்டபிறகு சோனோஸ் அந்த வழியைத்தான் வெட்டியது. 2024 அக்டோபரில் வெளியிட்ட உறுதிமொழிகளில், தரம் பற்றி ஊழியர்கள் முறையிடத் தனியே ஒரு குறைகேட்பாளரை நியமிப்பதும், பெரிய மாற்றங்களை ஒரே நாளில் கொட்டாமல் படிப்படியாகத் தருவதும் இருந்தன. ஆப்பின் தரத்தையும் வாடிக்கையாளர் நம்பிக்கையையும் மீட்காவிட்டால், அந்த அக்டோபரில் தொடங்கிய நிதியாண்டுக்கு மேலதிகாரிகளுக்கு போனஸ் கிடையாது என்றும் சொன்னார்கள். தலைமைச் செயல் அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் 2025 ஜனவரியில் பதவி விலகினார்.

இந்தியாவில் காசு கொடுத்து வாங்கியவருக்கு டிக்கெட்டுக்கு வெளியேயும் ஒரு வாசல் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். பில், டிக்கெட் எண், அவர்கள் அனுப்பிய ‘தீர்க்கப்பட்டது’ மெயில் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.