பொட்டலத்தில் ஏறிய உப்புக்கண்டம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மினாங் என்றொரு சிற்றூர். ஆயிரம் பேர்கூட இல்லாத அவ்வூரில் 1986-ல் ஜாக் லிங்க் என்பவர், குடும்பத்துப் பழைய கைப்பக்குவத்தை வைத்து மாட்டுக்கறியை மெல்லிசாக அரிந்து, மசாலா ஊறவைத்து, உலர்த்தி விற்கத் தொடங்கினார். பெட்ரோல் பங்க் கடைகளில் விற்ற பொட்டலம் அது. 2006-ல் 'சாஸ்குவாட்ச்' என்னும் காட்டு மனிதனைச் சீண்டும் வேடிக்கை விளம்பரங்கள் தொலைக்காட்சியில் வந்தன. பெயர் வீடுதோறும் தெரிந்தது. இப்போது மகன் டிராய் லிங்க் நடத்துகிறார். பல நாடுகளில் விற்பனை.

பண்டத்தின் பெயர் 'ஜெர்க்கி'. தென்னமெரிக்கப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியில் உலர்ந்த கறிக்குச் 'சார்க்கி' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் இது. சாஸ்குவாட்சும் பழங்குடிச் சொல்தான். சொல் அவர்களுடையது, கல்லாப்பெட்டி வேறொருவருடையது!

நம் சேரிகளில் உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போடும் உப்புக்கண்டமும் இதே தொழில்நுட்பம்தான். உப்பு ஈரத்தை இழுக்கிறது, மிச்சத்தை வெயில் குடிக்கிறது, கிருமி வளர வழியில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அதுவே சேமிப்பு. அதைச் சோற்றோடு கொண்டுபோகும் பிள்ளை, பள்ளியில் டப்பா மூடியால் மறைத்துத் தின்கிறது. மராத்வாடா தலித் சமையலை ஷாஹூ பட்டோலே மராத்தியில் நூலாக்கியது 2015-ல். அடுப்படி ஏட்டில் ஏறிவிட்டது. சந்தையில்?

ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் மகளிர் குழுவில் கடன் கேட்கிறோம். மாட்டுக்கறி உப்புக்கண்டத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.